துத்தநாக பேட்டரிக்குள் ஒரு தாவர நார்த் தாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரீசார்ஜ் செய்யக்கூடிய துத்தநாக பேட்டரியின் ஆயுளைக் கூட்ட, பருத்தியிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் எடுத்த செல்லுலோஸ் தாளைப் பிரிப்பானாக வைக்கும் ஆய்வுகள் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. 'காகித பேட்டரி' என்று தலைப்புப் போட்டுவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம். பள்ளியில் படித்த வேதியியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும்.

பிரிப்பான் என்பது என்ன?

எந்த மின்கலத்திலும் ஒரு நேர்முனை, ஒரு எதிர்முனை, இரண்டுக்கும் நடுவே மின்பகுளி என்ற உப்புக் கரைசல் இருக்கும். முனைகள் ஒன்றையொன்று தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். தொடாமல் தடுக்க நடுவில் வைக்கும் மெல்லிய தாள்தான் பிரிப்பான். அயனிகள் அதன் துளைகள் வழியாகப் போய் வரும். அது மின்சாரம் எதையும் உற்பத்தி செய்வதில்லை. அதனால் பேட்டரியைப் பற்றிப் பேசும்போது கடைசியாகத்தான் அதன் பெயர் வரும். துத்தநாகக் கலம் எத்தனை முறை சார்ஜ் தாங்கும் என்ற கேள்வி எழுந்தால், அப்போது அதை முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

லித்தியம் இருக்கும்போது துத்தநாகம் எதற்கு?

முதல் காரணம் தண்ணீர். லித்தியம் அயனி பேட்டரியின் மின்பகுளி எரியக்கூடிய கரிமத் திரவம். துத்தநாகத்துக்குச் சாதாரணத் தண்ணீரில் கரைத்த துத்தநாக சல்பேட் போதும். வீட்டு மாடியிலோ மருத்துவமனை அடித்தளத்திலோ பெரிய பேட்டரி வைப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது, கொள்ளளவு. ஒரு கிராம் துத்தநாகம் 820 மில்லி ஆம்பியர்-மணி மின்னேற்றத்தைத் தரும். லித்தியம் உலோகம் எடைக்கு எடை இதைவிடப் பல மடங்கு தரும். ஆனால் இடத்தைக் கணக்கிட்டால் நிலைமை தலைகீழ். ஒரு கன சென்டிமீட்டர் துத்தநாகத்தில் ஏறத்தாழ 5,855 மில்லி ஆம்பியர்-மணி அடங்கும். லித்தியத்தில் 2,060 அளவுதான்.

மூன்றாவது, உலோகம் உள்நாட்டிலேயே கிடைக்கிறது. ராஜஸ்தானின் ஜாவர் பகுதியில் இடைக்காலத்திலேயே துத்தநாகத்தை வாலை வடித்துப் பிரித்திருக்கிறார்கள். அந்த உலைகளின் எச்சங்கள் இன்றும் அங்கே உள்ளன. அதே மாநிலத்தின் ராம்புரா அகூச்சா இன்றைக்கும் உலகின் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்று.

குறையும் உண்டு. துத்தநாகம்–மாங்கனீசு டைஆக்சைடு கலம் தருவது 1.3 அல்லது 1.4 வோல்ட்தான். லித்தியம் கலம் 3.2 முதல் 3.7 வோல்ட் வரை தரும். எனவே அதே ஆற்றலுக்குத் துத்தநாக பேட்டரி கனமாக இருக்கும். கைபேசிக்கும் ஸ்கூட்டருக்கும் இது ஒத்துவராது. இன்வெர்ட்டர், சூரிய மின்சாரச் சேமிப்பு என ஓரிடத்தில் வைத்துவிட்டு மறந்துபோகும் வேலைகளுக்குத்தான் இது பொருந்தும்.

அப்படியானால் இத்தனை நாள் ஏன் வரவில்லை? எங்கே சிக்கல்?

சார்ஜ் செய்யும்போது. டிஸ்சார்ஜில் எதிர்முனையாக இருக்கும் துத்தநாகத் தகடு கரைந்து அயனியாகி வெளியேறுகிறது. அது சிக்கலில்லாமல் நடந்துவிடும். சார்ஜில் அதே அயனிகள் திரும்பி வந்து தகட்டின்மேல் உலோகமாகப் படிய வேண்டும். அவை சமமாகப் படிவதில்லை. எங்காவது ஒரு சிறு மேடு இருந்தால் மின்புலம் அந்த முனையில் குவியும். அடுத்து வரும் அயனிகளும் அங்கேயே போய் ஒட்டும். மேடு வளர்ந்து ஊசியாகவும் செதிலாகவும் கிளை பிரியும். இதைத்தான் டென்டிரைட் என்கிறார்கள். அது பிரிப்பானைத் துளைத்து மறுமுனையைத் தொட்டால் கலத்தின் கதை முடிந்தது.

இன்னொரு சிக்கல் தண்ணீரிலிருந்தே வருகிறது. துத்தநாகத்தின் மேல் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ஹைட்ரஜன் போன இடத்தில் காரத்தன்மை கூடும். அந்தக் காரம், சல்பேட், துத்தநாகம் மூன்றும் சேர்ந்து கார துத்தநாக சல்பேட் என்ற வெள்ளைச் செதில்களாகத் தகட்டில் படியும். செதில் படிந்த இடத்தில் மின்சாரம் பாயாது. மிச்சமிருக்கும் இடத்தில் மின்னோட்டம் நெரிசலாகும். அங்கே டென்டிரைட் இன்னும் வேகமாக வளரும். இப்படி ஒரு கோளாறு அடுத்ததைத் தூண்டிவிடுவதால், ஒன்றை மட்டும் சரிசெய்து பயனில்லை.

ஆய்வகங்களில் இப்போது எந்தப் பிரிப்பானை வைக்கிறார்கள்?

பெரும்பாலும் கண்ணாடி இழைத் தாள். வடிகட்டுவதற்காகச் செய்த தாள் அது. நிறையத் தண்ணீர் உறிஞ்சும், சுலபமாகக் கிடைக்கும், அதனால் பழக்கமாகிவிட்டது. அதிகம் புழங்கும் ஒரு வகை, வாட்மேன் ஜி.எஃப்./டி., 0.67 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். நாம் அச்சிடும் ஏ4 தாளைப்போல ஆறேழு மடங்கு. அவ்வளவு தடிமனான தாள் குடிக்கும் மின்பகுளியின் எடையும் பேட்டரியின் கணக்கில்தான் சேரும்.

பல சுற்று (ஒரு சார்ஜும் ஒரு டிஸ்சார்ஜும் சேர்ந்தது ஒரு சுற்று) ஓடி நின்றுபோன ஒரு காயின் கலத்தை, அதாவது நாணய வடிவச் சிறு கலத்தை, பிரித்தால், கண்ணாடி இழையின் பலவீனம் கண்ணுக்கே தெரியும். தாளைத் துத்தநாகத் தகட்டிலிருந்து முழுதாக உரித்தெடுக்க முடியாது. பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து வரும். தகட்டில் படிந்த உலோகம் சாம்பல் நிறப் பாசிபோல வளர்ந்து, வெள்ளை இழைகளைக் கவ்விக்கொண்டிருக்கும். தாளின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அங்கங்கே கருநிறப் புள்ளிகள். துத்தநாகம் ஊடுருவி வந்த வழிகள் அவை. இழைகளுக்கு நடுவே பெரிய இடைவெளிகள் ஒழுங்கில்லாமல் கிடப்பதால் அயனிகள் அவற்றின் வழியே கும்பலாகப் பாய்கின்றன. தாளும் எளிதில் நொறுங்கும் வகை.

லித்தியம் பேட்டரியில் இருக்கும் பாலிஎதிலீன், பாலிபுரோப்பிலீன் தாள்களை இங்கே அப்படியே வைக்க முடியாது. அவை தண்ணீரை ஒட்டவிடாதவை. மின்பகுளி துளைகளுக்குள் இறங்காது.

தாவர நார் அங்கே போய் என்ன செய்கிறது?

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் வளையங்கள் வரிசையாகக் கோத்த நீளமான சங்கிலி. ஒவ்வொரு வளையத்திலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள். பருத்தித் துணி தண்ணீரை இழுத்துக்கொள்வது இவற்றால்தான். பேட்டரிக்குள்ளும் இவைதான் வேலை செய்கின்றன.

முதலில், மின்பகுளி தாள் முழுக்கச் சமமாகப் பரவுகிறது. உலர்ந்த திட்டு என்று ஓரிடமும் இருக்காது. அடுத்து, ஹைட்ராக்சில் தொகுதிகளின் ஆக்சிஜன் துத்தநாக அயனியைத் தன் பக்கம் இழுக்கிறது. கரைசலில் ஒரு துத்தநாக அயனி தன்னைச் சுற்றி ஆறு தண்ணீர் மூலக்கூறுகளைக் கட்டிக்கொண்டுதான் திரியும். உலோகமாகப் படியும் முன் அவற்றை உதறியாக வேண்டும். தகட்டை ஒட்டியிருக்கும் செல்லுலோஸ் இந்தத் தண்ணீர்க் கூட்டைத் தளர்த்த உதவுகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். தகட்டின்மேல் கட்டற்ற தண்ணீர் குறைந்தால் ஹைட்ரஜனும் குறையும், வெள்ளைச் செதிலும் குறையும். மேலே சொன்ன தொடர் கோளாறு தொடங்கும் இடத்திலேயே இது கைவைக்கிறது.

மூன்றாவது, துளையின் அளவு. நாரைப் பல நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளாகப் பிரித்துத் தாளாக்கினால் துளைகள் மிகச் சிறியவையாக, நெருக்கமாக அமையும். வாளியோடு கொட்டாமல் பூவாளியில் தண்ணீர் விடுவதுபோல, அயனிகள் தகட்டின் பரப்பெங்கும் பிரிந்து விழும். துத்தநாகப் படிகம் அறுகோணத் தட்டு வடிவம் கொண்டது. வரத்து சீராக இருந்தால் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துப் படிய வாய்ப்பு கூடும். நெட்டுக்குத்தாக நின்றால்தான் ஆபத்து.

சில செய்திகளில் 'வலுவான நார்த்தாள் டென்டிரைட்டைத் தடுத்து நிறுத்துகிறது' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நானோ செல்லுலோஸ் தாளின் விறைப்பு 10 கிகாபாஸ்கல் அளவில் இருக்கும்; துத்தநாகத்தின் விறைப்பு ஏறத்தாழ 100. ஊசி வளர்ந்துவிட்டால் தாள் தோற்கத்தான் செய்யும். தாவர நாரின் பலன், ஊசி முளைக்கவே காரணமில்லாமல் செய்வதில் இருக்கிறது.

நாரை அப்படியே வைத்தால் போதுமா, வேறு ஏதாவது சேர்க்கிறார்களா?

சேர்க்கிறார்கள். பலர் செய்வது, செல்லுலோஸின் மேல் கார்பாக்சில் தொகுதிகளை ஏற்றுவது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அகிரா இசோகாய் குழு வளர்த்தெடுத்த, டெம்போ என்ற வினையூக்கியை வைத்துச் செய்யும் ஆக்சிஜனேற்ற முறை இதற்குப் பேர்போனது. அந்தப் பணிக்காக அவருக்கும் சக ஆய்வாளர்கள் இருவருக்கும் 2015-இல் மார்கஸ் வாலன்பெரி பரிசு கிடைத்தது. கார்பாக்சில் ஏறிய நார் எதிர்மின்னேற்றம் பெறும். அது துத்தநாக அயனியை வரவேற்கும், சல்பேட் அயனியை விலக்கும். ஜிர்கோனியம் ஆக்சைடு போன்ற பீங்கான் துகள்களைக் கலப்பவர்களும் உண்டு.

பேட்டரியில் காகிதம் வைப்பது புதிய யோசனையா?

இல்லவே இல்லை. 1800-இல் வோல்டா அடுக்கிய முதல் மின்னடுக்கிலேயே துத்தநாகத் தட்டுக்கும் மறு உலோகத் தட்டுக்கும் நடுவே உப்புநீரில் நனைத்த அட்டையும் துணியும்தான் இருந்தன. லெக்லாஞ்சே 1866-இல் கொண்டுவந்த துத்தநாகம்–மாங்கனீசு டைஆக்சைடு கலத்தின் வாரிசுதான் நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும் பேட்டரி. அதில் துத்தநாகக் குவளையின் உட்சுவரை ஒட்டி ஒரு பழுப்புத் தாள் சுற்றியிருக்கும். மாவுச்சத்துப் பசை பூசிய கிராஃப்ட் காகிதம் அது. பசைப் பக்கம் துத்தநாகத்தைப் பார்த்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த கதை செல்லோபேனுடையது. மரக்கூழிலிருந்து செய்த அந்தக் கண்ணாடிக் காகிதத்தைப் பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே 1940-களின் தொடக்கத்தில் வெள்ளி–துத்தநாகக் கலத்தில் பிரிப்பானாக வைத்துக் காட்டினார். அதுவரை நிலைக்காமல் இருந்த அந்தக் கலம் பயனுக்கு வந்ததே அதனால்தான். 1957-இல் ஸ்புட்னிக் விண்ணிலிருந்து 'பீப் பீப்' ஒலித்தது வெள்ளி–துத்தநாக பேட்டரியில். ஆனால் வெள்ளி ஆக்சைடு செல்லோபேனை மெல்ல அரித்துவிடும் என்பதால், அதைப் பல அடுக்குகளாகச் சுற்ற வேண்டியிருந்தது.

ஆக, காகிதம் புதிதல்ல. அந்தக் காகிதத்தின் துளையையும் மின்னேற்றத்தையும் நமக்கு வேண்டியபடி அமைக்கக் கற்றுக்கொண்டிருப்பதுதான் புதிது.

எந்தத் தாவரத்தின் நார்? நம் ஊர்ப் பருத்தி, வாழை, கரும்புச் சக்கை உதவுமா?

எந்தத் தாவரமானாலும் வேண்டியது செல்லுலோஸ்தான். பருத்தியில் அது 90 சதவீதத்துக்கு மேல். அதனால் பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டை நார்கூட நல்ல மூலப்பொருள். மரத்திலும் கரும்புச் சக்கையிலும் செல்லுலோஸ் ஏறத்தாழப் பாதிக்குள் அடங்கும். மிச்சம் பெரும்பாலும் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும். வாழைநாரில் இவற்றைவிடக் கூடுதல், பருத்தியைவிடக் குறைவு. கரூர் புகழூரில் தமிழ்நாடு காகித ஆலை சக்கையிலிருந்து காகிதம் செய்வதை நாம் அறிவோம். அப்படிக் கூழாக்கி வெளுக்கும் நுட்பமெல்லாம் நம்மிடம் இருக்கிறது.

பேட்டரிக்கு அதைவிடக் கடுமையான ஒரு நிபந்தனை உண்டு. நாரில் இரும்பு, செம்பு, நிக்கல் எச்சம் இருக்கக் கூடாது. இந்த உலோகங்கள் துத்தநாகத்தின்மேல் படிந்தால் ஹைட்ரஜன் எளிதாகக் கிளம்பும், கலம் உப்பிவிடும். மண்ணிலிருந்து செடி உறிஞ்சிய தாதும், கூழ் அரைத்த இயந்திரத்தின் தேய்மானமும் சேர்ந்தே வரும். எழுதும் காகிதத்தில் இது யாருக்கும் கவலையில்லை. இங்கே அமிலத்தில் அலசி, அயனி நீக்கிய தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவியாக வேண்டும். 'விவசாயக் கழிவிலிருந்து மலிவான பிரிப்பான்' என்று சொல்பவர்கள் இந்தக் கழுவும் செலவையும் தண்ணீரையும் கணக்கில் காட்ட வேண்டும்.

தாளைக் காயவைப்பது அவ்வளவு கஷ்டமா?

ஆமாம், பலர் தடுக்கி விழும் இடம் இது. நானோ நார்க் கூழை வடிகட்டி வெயிலிலோ அடுப்பிலோ காயவைத்தால், ஆவியாகும் தண்ணீர் தன் பரப்பு இழுவிசையால் நார்களை ஒன்றோடொன்று இழுத்து ஒட்டிவிடும். ஹைட்ரஜன் பிணைப்பு அதை இறுக்கிவிடும். கையில் கிடைப்பது டிரேசிங் பேப்பர்போல வழவழப்பான, ஒளி ஊடுருவும் தாள். பார்க்க அழகாக இருக்கும். துளைகளோ மூடிப்போயிருக்கும், அயனி நகராது. அதனால் காயவைக்கும் முன் தண்ணீரை எத்தனாலால் மாற்றுகிறார்கள், அல்லது உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்துகிறார்கள். அப்படிச் செய்தால் தாள் வெண்மையாக, ஒளி புகாமல் வரும். அந்த வெண்மை, துளைகள் திறந்திருப்பதற்கு அடையாளம்.

ஃபில்டர் பேப்பர் போதாதா?

செய்து காட்டப் போதும். அதன் துளைகள் மைக்ரோமீட்டர் கணக்கில் இருப்பதால் நீடித்த ஓட்டத்துக்குத் தாங்காது.

எப்போதும் தண்ணீரில் ஊறிக்கிடக்கும் காகிதம் அழுகாதா, கரையாதா?

அழுகுவது அபூர்வம். துத்தநாக உப்பு நுண்ணுயிரிகளுக்கு ஆகாது. 19-ஆம் நூற்றாண்டில் மரம் உளுத்துப்போகாமலிருக்கத் துத்தநாக குளோரைடு கரைசலில் ஊறவைத்திருக்கிறார்கள். துத்தநாக சல்பேட் கரைசலின் பி.எச். 4-க்கும் 5-க்கும் இடையில் இருக்கும். அந்த மிதமான அமிலத்தை அறை வெப்பத்தில் செல்லுலோஸ் நன்றாகவே தாங்கும்.

கரைவது வேறு விஷயம். மிக அடர்த்தியான துத்தநாக குளோரைடு செல்லுலோஸை வீங்கவைத்துக் கூழாக்கி, கரைத்தேவிடும். பழைய மின்சாதனங்களில் காப்புப் பொருளாக இருந்த வல்கனைஸ்டு ஃபைபர் அட்டையைச் செய்ததே இந்தக் குணத்தை வைத்துத்தான். தண்ணீரைக் குறைப்பதற்காக உப்பை அளவுக்கு மீறி ஏற்றும் மின்பகுளிகள் இப்போது ஆய்வில் பிரபலம். அவற்றோடு காகிதப் பிரிப்பானைச் சேர்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. வலுவான காரத்தில் ஓடும் கலங்களிலும் செல்லுலோஸ் சங்கிலி நாளடைவில் நுனியிலிருந்து உதிரும். ஆகவே ஒரு மின்பகுளியில் வெற்றி பெற்ற தாள் இன்னொன்றிலும் வெற்றி பெறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

'ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியது' என்கிறார்களே, நம்பலாமா?

அந்த எண்ணை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். இரண்டு பக்கமும் துத்தநாகத் தகடு வைத்து, முன்னும் பின்னும் மின்னோட்டம் செலுத்தும் சோதனையில் வரும் எண் அது. 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டின் ஒரு சதுர சென்டிமீட்டரில் 58 மில்லி ஆம்பியர்-மணிக்கு மேல் துத்தநாகம் இருக்கிறது. பல சோதனைகளில் ஒவ்வொரு முறையும் கரைத்துப் படியவைப்பது வெறும் 1 மில்லி ஆம்பியர்-மணி. அதாவது இரண்டு சதவீதம்கூட இல்லை. மீதி 98 சதவீதம் சும்மா கிடக்கிறது. எவ்வளவு வீணானாலும் இருப்பு தீராது. விற்பனைக்கு வரும் பேட்டரியில் அப்படி உலோகத்தைக் கொட்டி வைக்க முடியாது. எத்தனை சதவீதத் துத்தநாகம் பயன்பட்டது என்று எழுதாத ஆய்வுக் கட்டுரையின் மணிக்கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மென்மையான ஷார்ட் என்றொரு கண்ணியும் உண்டு. டென்டிரைட் மெல்லிசாக மறுபக்கத்தைத் தொட்டுவிட்டால் வோல்டேஜ் சட்டென்று கொஞ்சம் குறைந்து, அதன்பின் தட்டையாக, அழகாக ஓடும். கலம் செத்துவிட்டது, வரைபடத்தில் மட்டும் பல்லாண்டு வாழும்.

இதைவிட நேர்மையான அளவுகோல் கூலூம் திறன். படியவைத்த துத்தநாகத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பது அது. ஒவ்வொரு சுற்றிலும் 99 சதவீதம் திரும்பினால் நன்றாகத்தான் தோன்றும். உபரித் துத்தநாகம் இல்லையென்றால் 100 சுற்றில் மிஞ்சுவது 37 சதவீதம்தான். 99.9 சதவீதமானால் 100 சுற்றில் 90 மிஞ்சும், 1,000 சுற்றில் மறுபடி 37. பத்தாண்டு உழைக்கும் பேட்டரிக்கு 99.99-ஐ நெருங்க வேண்டும். நார்த்தாளுக்கும் கண்ணாடி இழைக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தக் கடைசிப் புள்ளிகளில்தான் தேட வேண்டும்.

லிக்னின், கைட்டோசன் என்றெல்லாம் படித்தேனே?

அவை உறவுக்காரர்கள், வேலை வேறு. சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 2024-இல் வெளியிட்ட துத்தநாகம்–லிக்னின் பேட்டரியில் லிக்னின் நேர்முனைப் பொருள். 8,000 சுற்றுகளுக்குப் பின்னும் 80 சதவீதத் திறன் இருந்ததாக அறிவித்தார்கள். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் லியாங்பிங் ஹூ குழு 2022-இல் காட்டியது கைட்டோசன் சேர்த்த கூழ்ம மின்பகுளி. கைட்டோசன் நண்டு, இறால் ஓட்டிலிருந்து கிடைப்பது, தாவரமல்ல. ஆனாலும் அமைப்பில் செல்லுலோஸின் நெருங்கிய சொந்தம்.

காகிதம் தீப்பிடிக்காதா?

தண்ணீரில் ஊறிய காகிதம் எரியாது. சூட்டைத் தாங்குவதிலும் பிளாஸ்டிக் தாளைவிட மேல்: பாலிஎதிலீன் 130 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிச் சுருங்கும், செல்லுலோஸ் உருகுவதே இல்லை, 250 டிகிரியைத் தாண்டித்தான் சிதையத் தொடங்கும். கவனிக்க வேண்டியது ஹைட்ரஜன். பெரிய கலங்களுக்கு வாயு வெளியேற வழி வேண்டும்.

இப்போது கடையில் வாங்க முடியுமா? சாதாரண டார்ச் பேட்டரியைச் சார்ஜ் செய்யலாமா?

வீட்டு இன்வெர்ட்டரைத் தூக்கிவிட்டு வாங்கிவைக்கும் நிலைக்கு இந்த வகை பேட்டரி இன்னும் வரவில்லை. ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல்–துத்தநாகக் கலங்கள் டபுள் ஏ அளவில் கிடைக்கின்றன. அவற்றுக்கு உரிய சார்ஜர் வேண்டும். டார்ச் பேட்டரியைச் சார்ஜரில் போடவே போடாதீர்கள். வாயு கட்டிக் கசியும், வெடிக்கவும் செய்யலாம்.

கல்லூரி ஆய்வகத்தில் நானே செய்து பார்க்க முடியுமா?

தாராளமாக. பேட்டரி ஆய்வுகளில் இவ்வளவு குறைந்த வசதியில் தொடங்கக்கூடியது வேறொன்று எனக்குத் தெரியவில்லை. லித்தியத்துக்குத் தேவைப்படும் ஈரமில்லாப் பெட்டி வேண்டாம்; திறந்த மேசையிலேயே கலத்தை அடுக்கலாம். துத்தநாகத் தகடு, 2 மோலார் துத்தநாக சல்பேட், காயின் கலத்தை மூடும் அழுத்தி, ஒரு பேட்டரி சோதனைக் கருவி இருந்தால் போதும். கருவி இல்லாத கல்லூரிகள் அருகில் உள்ள ஆய்வு நிறுவனங்களை அணுகலாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

செய்யும்போது நார்த்தாளின் தடிமன், ஊற்றிய மின்பகுளியின் அளவு, தகட்டின் தடிமன் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிடுவதற்குக் கண்ணாடி இழைத் தாள் வைத்த கலம் கட்டாயம் வேண்டும். ஒரே வகையில் ஒரு கலம் மட்டும் செய்து முடிவுக்கு வராதீர்கள். ஒன்று தற்செயலாக நன்றாக ஓடிவிடும். மெல்லிய தகடு கிடைத்தால் அதையே வாங்குங்கள். 0.01 மில்லிமீட்டர் தகட்டில் அதே 1 மில்லி ஆம்பியர்-மணி என்பது 17 சதவீதம். நார்த்தாள் தேறுமா என்பது அப்போது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். கலம் நின்றதும் பிரித்து, தாளின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். துத்தநாகத்தைப் பார்த்திராத பக்கத்தில் சாம்பல் புள்ளி இருந்தால், அது ஷார்ட் ஆகி நின்ற கலம். புள்ளி இல்லாமல் தகட்டில் வெள்ளைச் செதில் மட்டும் நிறைந்திருந்தால் பழி டென்டிரைட்டுக்கு இல்லை, தண்ணீருக்கு; அடுத்த தாளில் மாற்ற வேண்டியது துளையை அல்ல, நாரின் மேற்பரப்பை.